பாட்டனாரின் தோட்டத்தில் ஒரு புது வீடு



ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்கு அருகே எங்கள் பாட்டனார் விட்டுச்சென்ற தோட்டம் ஒன்று உள்ளது. அவர் மறைந்து 40 ஆண்டுகள் கடந்தும் அவர் நட்ட பலாவும் நாவலும் காய்க்கின்றன. அணிலும் குரங்கும், வழிப்போகும் பிள்ளைகளும் எங்களுக்கு முன்பே உண்டுவிடுகின்றனர்.

அம்மரங்களைப் பார்த்தபடி இறுதிக்காலத்தைக் கழிக்க வேண்டும் என்பது 78 வயதான எங்கள் அத்தாவின் ஆசை. முழங்கால் வலியால் அவரால் படியேற இயலாது. சரிவான அந்நிலத்தில் சமதளமாக இருப்பதோ பலாமரங்கள் நிற்கும் இடம் மட்டுமே. பொறியாளர் தந்த வரைபடத்தில் நான்கு மரங்கள் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தன.

ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால் அது நட்டவருக்குத் தர்மமாகும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். அப்படியானால் அச்சிவப்புக் கோடுகள் பாட்டனாரின் நன்மைக் கணக்கின் மீதல்லவா விழுந்திருந்தன!

அந்நாள்களில்தான் இலங்கையின் பெந்தோட்டைக்கு அருகிலுள்ள லுனுகங்கா தோட்டத்தைப் பற்றி வாசித்தோம். ரப்பர் தோட்டமாயிருந்த அந்நிலத்தை 1948இல் வாங்கியவர் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா. முஸ்லிம் மரபில் வந்த வழக்கறிஞரின் மகன். ஏறத்தாழ 50 ஆண்டுகள் அவர் அத்தோட்டத்தை உருவாக்கினார். 1960களின் தொடக்கத்தில் எனா டி சில்வா என்ற பத்திக் கலைஞருக்காகக் கொழும்பில் அவர் கட்டிய முற்ற வீடு, பின்னாளில் அழியும் நிலைக்கு வந்தது. பாவா மறைந்த பிறகு, 2009இல் அவ்வீட்டைப் பிரிக்கத் தொடங்கி, பாகங்களுக்கு எண்ணிட்டு, லுனுகங்காவுக்குக் கொண்டுசென்று மீண்டும் எழுப்பினர். அத்தனை புகழ்பெற்ற வீட்டையும் தோட்டத்தின் நடுவே நிறுத்தாமல், அதை ஒட்டிய நிலத்திலேயே அமைத்தனர் என்பது எங்கள் மனத்தைத் தொட்டது.

நாங்களும் வீட்டைச் சாலையோரத்திற்கு நகர்த்தினோம். இரண்டு அறைகள் குறைந்தன. பெருநாளன்று பிள்ளைகள் அனைவரும் ஒன்றாகத் தங்க இடமில்லை. அக்குறை இன்னும் உண்டு. படிகளுக்குப் பதிலாக மரங்கள் வரை கைப்பிடியுடன் ஒரு சாய்தளம் அமைத்தோம்.

படுக்கையிலிருந்து பார்த்தால் அத்தாவுக்குப் பலாமரங்கள் தெரிவதில்லை. அதனால் நாள்தோறும் கைத்தடியூன்றி இறங்கிச் செல்கிறார். லுஹர் தொழுகையை அந்நிழலில் நாற்காலியில் அமர்ந்து தொழுதுவிட்டு, தம் தந்தைக்காகக் கையேந்துகிறார்.

நம் முன்னோரின் நிலையான தர்மங்களை நம் கைகளால் முறித்துவிடாமல் அல்லாஹ் காப்பானாக. ஆமீன்.