சுவர் காயும் வரை

கரணையின் கைப்பிடியால் சுவரைத் தட்டினார் மாமா. 'டக் டக்' என்று கெட்டியாகக் கேட்டது. ஒரு சாண் தள்ளித் தட்டினார், 'டொப்' என்றது. "கேட்டுச்சா? இங்க பூச்சு செங்கல்ல விட்டுடுச்சு. கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும்" என்றார். கொத்து வேலையில் நான் கற்ற முதல் பாடம் அது.

2015 டிசம்பர் முதல் வாரம். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாறு கரைமீறி, முடிச்சூரில் தரைத்தள வீடுகள் மூழ்கின. பாலிடெக்னிக் படிப்பைப் பாதியில் விட்டிருந்த நான், கொத்தனாரான என் தாய்மாமாவோடு கையாளாகச் சேர்ந்தது அப்போதுதான். முதல் வேலை, ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியையின் வீடு. தண்ணீர் நின்ற உயரம் சுவரைச் சுற்றிக் கோடு போட்டதுபோல் பழுப்பாகத் தெரிந்தது: மூன்றரை அடி.

கரணையை எடுக்கவே மாமா விடவில்லை. முதலில் எலக்ட்ரீஷியன் வந்து மெயினை இறக்கி, சுவிட்ச் பெட்டிகளைத் திறந்து பார்த்தார். அடுத்து சேறு. ஈரமாக இருக்கும்போதே வழித்து எடுக்க வேண்டும். காய்ந்துவிட்டால் சிமெண்ட் மாதிரி பிடித்துக்கொள்ளும். சாக்கடை கலந்த தண்ணீர் என்பதால் தரையை ப்ளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவினோம். அதன்மேல் கழிவறை ஆசிட்டையும் ஊற்றப்போன டீச்சரம்மாவை மாமா கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார்: "ரெண்டும் சேர்ந்தா விஷப் புகைம்மா. ஒண்ணு போதும்." பார்ட்டிக்கிள் போர்டு அலமாரி உப்பிப் பிளந்திருந்தது, அதை வெளியே தூக்கிப் போட்டோம். தேக்குக் கதவும் உப்பி நிலையில் இடித்தது. இழைக்கலாமா என்று கேட்டேன். "வேணாம். காஞ்சா தானா சுருங்கும். இப்ப இழைச்சா அப்புறம் சந்து விழும்" என்றார்.

பிறகுதான் சுவருக்கு வந்தோம். தண்ணீர்க் கோட்டோடு பூச்சை உடைத்தால் போதும் என்று நினைத்தேன். மாமா அதற்கு மேலே ஒன்றரை அடி தள்ளிச் சுண்ணாம்புக் கட்டியால் கோடு இழுத்தார். நின்ற தண்ணீர் மூன்றரை அடிதான். ஆனால் விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் செங்கல்லில் ஈரம் மேலே ஏறிவிடும். இதைத்தான் ஓதம் ஏறுவது என்கிறோம். கோடு வரைக்கும் பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல் இடுக்குகளை அரை அங்குலம் சுரண்டி, சுவரை அப்படியே திறந்துபோட்டோம்.

பத்து நாளில் செங்கல் மீது வெள்ளையாகப் பொடி பூத்தது. ஈரத் துணியால் துடைக்கப் போனேன். "துணியை வை. அது உப்பு. தண்ணி பட்டா கரைஞ்சு திரும்ப உள்ளயே போயிடும்" என்றார் மாமா. காய்ந்த தென்னந்துடைப்பத்தால் தட்டி, முறத்தில் ஏந்தி வெளியே கொட்ட வேண்டும். பூக்கப் பூக்கத் தட்ட வேண்டும். சுவர் காயும்போது உள்ளே கரைந்திருந்த உப்பை வெளியே தள்ளுகிறது. நாம் அதற்கு வழிவிட வேண்டும்.

எத்தனை நாள்? ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது மாமாவின் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவர், இரண்டு பக்கமும் திறந்திருந்தால் நாலு நாலரை மாதம். டீச்சரம்மா கலங்கிப்போனார். பொங்கலுக்குப் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். சாமி அறையையாவது முடித்துக் கொடுங்கள் என்றார்.

அந்த வாரம் மாமா ஊருக்குப் போயிருந்தார். சாமி அறைச் சுவர் தொட்டுப் பார்த்தால் காய்ந்தே இருந்தது. டீச்சரம்மாவின் முகத்தைப் பார்த்து மனம் இளகி, நானே பூசி, பட்டி பார்த்து, பெயிண்டும் அடித்துக் கொடுத்தேன். பொங்கலன்று அந்த அறை பளிச்சென்று இருந்தது. மாசியில் தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை பட்டி கொப்பளித்தது. நகத்தால் தொட்டதும் அப்பளம்போல் உடைந்தது. உள்ளே உப்புப் பொடி. வெளியேற வழியில்லாத உப்பு பட்டிக்குப் பின்னால் படிகமாகி அதையே நெட்டித் தள்ளியிருந்தது. மாமா திட்டவில்லை. உளியையும் சுத்தியலையும் என் கையில் கொடுத்தார். நான் பூசியதை நானே கொத்தி எடுத்தேன். டீச்சரம்மாவின் பணமும் பாழ், உழைப்பும் பாழ். அந்த வருத்தம் இன்றும் எனக்குள் இருக்கிறது.

அன்று மாமா ஒரு சோதனை கற்றுத் தந்தார். ஒரு முழ அகல பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டிவிட வேண்டும். இரண்டு நாள் கழித்துப் பார்க்கும்போது தாளின் உட்பக்கம் நீர் முத்துகள் கோத்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. மாசியில் முத்து முத்தாக நின்றது. பங்குனியில் மங்கலான ஆவி மட்டும். சித்திரை பிறந்தபோது தாள் சுத்தமாக இருந்தது.

பூசும் நாளில் மாமா செங்கல் மேல் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். நாலு மாதம் காயவைத்துவிட்டு மறுபடி நனைப்பதா என்று திகைத்தேன். "மேலாக நனைக்கிறது வேற, உள்ள ஊறினது வேற. காஞ்ச செங்கல் சாந்துல இருக்கிற தண்ணியை உறிஞ்சிடும், பூச்சு பிடிக்காது" என்று விளக்கினார். ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் கலவை. ஏழு நாள் நீராற்றினோம். முதல் வருஷம் பட்டியும் பெயிண்டும் வேண்டாம், சுண்ணாம்பு மட்டும் அடியுங்கள் என்று டீச்சரம்மாவிடம் சொன்னார். சுண்ணாம்பு அடித்த சுவர் மூச்சு விடும். மிச்சமிருக்கும் ஈரம் அதன் வழியே போய்விடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மறுபடி நனைத்தபோது கரணை என் கையில் இருந்தது. போன வீடுகளில் எல்லாம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "பொங்கலுக்குள்ள முடிஞ்சிடுமா?" முடியாது என்றே சொன்னேன். சிலர் வேறு ஆளைத் தேடிப் போனார்கள். அது எனக்கு நஷ்டம்தான். ஆனாலும் காயாத சுவரில் கரணை வைக்க மாட்டேன்.

உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்துபோயிருந்தால், பெயிண்ட் கடைக்குப் போகும் முன் ஒரு பாலிதீன் தாளையும் டேப்பையும் வாங்குங்கள். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். இந்தப் பொங்கலுக்கு உங்கள் சுவர் செங்கல் தெரிய நிற்கட்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.