கோடு இழுத்தால் சத்தம்

பெரும்பாலான இசை மென்பொருள்களில் பியானோ ரோல்தான் கதி. கட்டம் போட்ட திரையில் ஒவ்வொரு சுரமும் ஒரு செங்கல். தோடி ராகத்தின் காந்தாரத்தைக் கமகத்தோடு அசைக்கணுமா? செங்கல்லை வைத்துவிட்டு, கீழே பிட்ச் பெண்ட் பட்டையில் வளைவைத் தனியாக வரையணும். சுரம் ஒரு இடம், அசைவு இன்னொரு இடம். யார் யோசித்ததோ!

1977-ல் பாரிஸில் இசையமைப்பாளர் செனாக்கிஸ் உருவாக்கிய யூபிக் என்ற கணினி இசைக் கருவியில் இந்தப் பிரிவினையே கிடையாது. பெரிய வரைபலகை, மின்பேனா. இடமிருந்து வலம் காலம், கீழிருந்து மேல் சுருதி. இழுத்த கோடுதான் ஒலி. அலைவடிவத்தைக்கூடக் கையால் வரையலாம். இசை படிக்காத குழந்தைகளும் வரைந்தார்கள். செனாக்கிஸ் கட்டடக் கலையிலிருந்து வந்தவர், கோடு கைவந்த கலை.

அப்போது கணினி கணக்குப் போட்டு முடித்த பிறகுதான் கேட்க முடியும். இப்போது அந்தக் காத்திருப்பும் இல்லை. கமகத்தைக் கோடாகவே எழுத விடுங்களேன்பா!