மெல்லிய குரலுக்கு ஓர் இடம்

மேடையில் பேசுபவரை எல்லோரும் பார்க்கிறார்கள். அரங்கின் பின்மூலையில் மிக்சருக்கு முன் அமர்ந்திருப்பவரை, ஒலி கெடும்வரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எங்கள் கல்லூரித் தமிழ்மன்றப் பொறுப்பை நான் ஏற்ற முதல் ஆண்டில், அரங்கம் முழுவதும் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தது.

அன்று சிறப்புரையாற்ற வந்தவர், முதுகலையில் எனக்குச் சிலப்பதிகாரம் நடத்திய பேராசிரியர். ஓய்வு பெற்று, நோயிலிருந்து மீண்டிருந்தார். குரல் நூலாகத் தேய்ந்திருந்தது. அவருக்கு முன் அதே மைக்கில் முழங்கிய மாணவனுக்காகக் குறைத்து வைத்த அளவு அப்படியே இருந்தது. ஒலியமைப்பாளர் தேநீர் அருந்தச் சென்றிருந்தார். பின்வரிசையிலிருந்து ‘கேட்கவில்லை’ என்றார்கள். நான் ஓடிப்போய் ஃபேடரை மேலே தள்ளினேன், போதவில்லை. சேனலின் உச்சியிலிருந்த கெய்ன் திருகைப் பிடித்து வலப்பக்கம் திருப்பினேன். மேடையில் அவர் காலடியிலிருந்த மானிட்டர் பெட்டி ஊளையிட்டது. அவர் பதறிப் பின்வாங்கினார். பிறகு அவையை நோக்கிக் கைகூப்பி, ஓரிரு சொற்களில் முடித்துக்கொண்டு அமர்ந்துவிட்டார். எழுதிக் கொண்டுவந்த குறிப்புகளை அவர் பிரிக்கவே இல்லை.

பேருந்து நிலையம் வரை உடன் சென்றேன். “என் குரல் இனி அவைக்கு ஆகாதப்பா” என்றார். குற்றம் தங்கள் குரலில் இல்லை ஐயா, என் கையில்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அடுத்த விழாவுக்கு முன் அந்த ஒலியமைப்பாளரிடமே பாடம் கேட்டேன். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். கற்பிப்பதில் என்னைவிடப் பொறுமைசாலி. முதலில் ஃபேடரை முழுதும் இறக்கு. ஒலித்தன்மையைத் திருத்தும் திருகுகளை நடுவில் நிறுத்து. பி.எஃப்.எல். பொத்தானை அழுத்தினால் அந்த ஒரு சேனலின் வரவு மட்டும் மீட்டரில் தெரியும். பேசுபவரை ‘ஹலோ, ஒன், டூ’ என்று சொல்லவிடாதே. மேடையில் பேசும் அதே குரலில் நாலு வரி பேசச் சொல். மீட்டர் பூஜ்யத்தை ஒட்டி ஆடும்வரை கெய்னை ஏற்று. சிவப்பு விளக்கு எரியக்கூடாது. குறைவாக வைத்தால் பின்னால் குரலை உயர்த்தும்போது இரைச்சலும் கூடவே உயரும். அதிகமாக வைத்தால் ஒலி நுழைவாயிலிலேயே உடைந்துவிடும். ஃபேடரை எவ்வளவு இறக்கினாலும் உடைந்தது ஒட்டாது. அதன்பின் 80 அல்லது 100 ஹெர்ட்சுக்குக் கீழுள்ள உறுமலை வெட்டும் பொத்தானை அழுத்து. கடைசியில்தான் ஃபேடரைப் பூஜ்யக் கோட்டுக்குக் கொண்டுவா.

என் பிழையும் அன்றுதான் விளங்கியது. மானிட்டருக்குச் செல்லும் ஒலி ஃபேடருக்கு முன்பே பிரிந்துவிடுகிறது. ஆகவே ஃபேடர் அதைத் தீண்டாது, கெய்ன் தீண்டும். நான் ஏற்றியது அவர் காலடியில் பாய்ந்து, மைக்கில் ஏறி, மீண்டும் பாய்ந்தது. செய்ய வேண்டியிருந்ததோ மிக எளிது: மைக்கை அவர் வாயருகே நகர்த்துவது. இடைவெளி பாதியானால் குரலின் வரவு ஏறத்தாழ 6 டெசிபல் கூடும்.

அரங்கேற்று காதையில் தண்ணுமை ஆசிரியனின் இலக்கணம் வருகிறது. யாழையும் குழலையும் மிடற்றையும் செவிகொடுத்துக் கேட்டு, மிகை நேராதபடி ஒலியைக் கூட்டவும் அடக்கவும் வல்லவன் அவன். அந்தப் பகுதியை எனக்கு நடத்தியவர் அவர்தான். தேர்வில் அதற்கு நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன்.

அவர் பின்னர் எந்த மேடையிலும் ஏறவில்லை. சில ஆண்டுகளில் மறைந்தார்.

இவ்வாண்டுக் கவியரங்கில் முதலாண்டு மாணவி ஒருத்தி, “எனக்குச் சத்தம் வராது ஐயா, பெயரை எடுத்துவிடுங்கள்” என்றாள். காலையிலேயே காலி அரங்குக்கு வரச்சொல்லி, அவள் குரலிலேயே கவிதையைப் படிக்கச் செய்து அளவு வைத்தோம். அவளுக்கு முன்பு பேசியவர் இறங்கியதும் மற்ற மைக்குகளை மூடி, குறித்து வைத்த இடத்துக்குத் திருகைக் கொண்டுவந்தேன். மைக்கை அவள் வாயருகே தாழ்த்தச் சொல்லி மேடைக்கு ஆளனுப்பினேன்.

அவள் படித்து முடிக்கும்வரை யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.