எந்தக் கோட்டைக் காப்பாற்றுவது?

சிட்னிக்கு ஃபிஷ்ஐ லென்ஸோடு வருகிறவர்கள் பலரும் முதலில் மிஸஸ் மெக்குவாரிஸ் சேர் முனைக்குத்தான் போவார்கள். ஓபரா ஹவுஸும் துறைமுகப் பாலமும் சேர்ந்து தெரியும் இடம். மற்ற லென்ஸ்களுக்கு அது சரி. மூலைக்கு மூலை 180 டிகிரியை விழுங்கும் இந்தக் கண்ணாடியில் வானமும் தண்ணீரும்தான் மிஞ்சும். நடுவில் எங்கோ இரண்டு கடுகு. கிட்டே போக வேண்டும், கூச்சமில்லாமல்.

பாலத்துக்கு நான் தேர்ந்துகொண்ட இடம் டாவ்ஸ் பாயின்ட். 1932இல் திறந்த பாலம். எஃகு வளைவு ஒரே தாவலில் 503 மீட்டரைக் கடக்கிறது. அதன் அடியில் சற்று ஒதுங்கி நிற்பேன். படத்தின் நடுப்புள்ளி வழியாகப் போகும் கோடு மட்டுமே இந்த லென்ஸில் நேராக இருக்கும். மற்றதெல்லாம் விளிம்பை நோக்கிப் புடைத்துக்கொள்ளும். ஆகவே கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகும் முன்பே எந்தக் கோட்டைக் காப்பாற்றுவது என்று முடிவுசெய்துவிட வேண்டும். எனக்கு அது சாலைத் தளம். அதை நடுவில் ஓடவிட்டால் மேலே இருக்கும் வளைவு கொஞ்சம் கூடுதலாக உப்பும். ஏற்கெனவே வளைவுதான் என்பதால் கண்ணை உறுத்தாது. தளம் கீழே இறங்கினாலோ தொய்ந்துவிடும். அப்புறம் அதன்மேல் ரயில் ஓடுகிறது என்று யார் நம்புவார்? இரு முனையிலும் நிற்கும் கிரானைட் கோபுரங்கள் வளைந்து போனால் நான் வருந்துவதில்லை. வளைவின் பாரம் அடியிலுள்ள கீல்களில் இறங்குகிறது. கோபுரங்கள் வெறும் அழகுக்குத்தான்.

ஓபரா ஹவுஸ் வேறு மாதிரி. கட்டடமும் வளைவு, லென்ஸும் வளைவு, நல்ல பொருத்தம் என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. கூரைகள் அனைத்தையும் சுமார் 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே கோளத்திலிருந்து வெட்டியெடுத்த வடிவங்களாக அமைத்தார் யோர்ன் உட்சோன். பெரிதோ சிறிதோ, எல்லாவற்றுக்கும் ஒரே வளைவு. லென்ஸ் தன் வளைவையும் அதில் சேர்க்கும்போது நடுவில் விழும் கூரை ஒரு விதமாகவும் ஓரத்தில் விழுவது வேறு விதமாகவும் ஆகி, அந்த உறவு முறிகிறது. அதனால் ஒரு மண்டபத்தின் நடு அச்சில் நின்று நிமிர்ந்து பார்ப்பேன். ஒவ்வொரு கூரையும் இரண்டு பாதிகள் உச்சியில் கூடி நிற்பது. அவை கூடும் கோட்டை நடுவில் பிடித்துவிட்டால் இடமும் வலமும் சமமாக விலகும். இன்னும் நெருங்கினால் ஓடுகள். தூரத்தில் ஒரே வெள்ளையாகத் தெரிந்தவை பக்கத்தில் பளபளக்கும் வெள்ளையும் மங்கலான பாலேட்டு நிறமுமாகப் பிரிகின்றன.

வெயில் பெரிய தொல்லை. அந்த ஊரில் நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும். தெற்குப் படிகளிலிருந்து பார்த்தால் அது படத்துக்குள் வந்துவிடும். தவிர்க்கப் பார்க்காமல் கூரையின் நுனியில் பாதி மறைத்து, துவாரத்தை f/16க்குச் சுருக்கினால் கதிர்கள் கூர்மையாக விரியும். முன்கண்ணாடி வெளியே பிதுங்கியிருப்பதால் முன்னால் ஃபில்டர் மாட்ட முடியாது. கடற்காற்றின் உப்பு நேரே அதில்தான் படியும். துணி கையிலேயே இருக்கட்டும். சொந்தக் காலும் ட்ரைபாட் காலும் அழைக்காமலே உள்ளே வரும்.

வளைவை மென்பொருளில் நிமிர்த்திவிடலாம் என்பவர்கள் உண்டு. நிமிர்த்தலாம், ஓரங்கள் இழுபட்டுக் குழைந்துபோகும். அதற்குப் பதில் ஒரு 14 மி.மீ. அகலக் கோண லென்ஸையே எடுத்துப் போகலாம்.