சரிவான மைதானமும் சைக்கிளில் வந்த பயிற்சியாளரும்

கோல் வலைக்குப் பின்னால் நின்று எதிர்க் கோலைப் பார்த்தால்தான் அந்தச் சரிவு தெரிகிறது. தொலைக்காட்சியில் எத்தனையோ ஆட்டங்கள் பார்த்தும் கண்ணில் படாதது, நேரில் நின்றதும் பட்டது. ஃப்ரைபர்க் நகரின் பழைய ட்ரைசாம் மைதானத்தில் ஒரு கோலுக்கும் மறு கோலுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர வித்தியாசம் உண்டு. நீளமும் குறைவு. வழக்கமான 105 மீட்டருக்குப் பதிலாக 100.5 மீட்டர்தான். ஜெர்மனியின் முதல்நிலைப் போட்டியான புண்டஸ்லிகாவை இங்கே நடத்த, எஸ்சி ஃப்ரைபர்க் கிளப் சிறப்பு அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 24,000 பேர் கொள்ளும் அரங்கு. ஒரு பக்கம் ட்ரைசாம் ஆறு, சுற்றிலும் மரங்கள், கிழக்கே கருங்காட்டு மலைகள். பேயர்ன் மியூனிக்கும் டோர்ட்முண்டும் வந்து ஆடிவிட்டுப் போன இடம் இது என்று சொன்னால், முதல்முறை பார்ப்பவர் நம்பமாட்டார்.

இப்போது இங்கே மகளிர் அணியும் ஆண்களின் இரண்டாம் அணியும் ஆடுகின்றன. நான் போன சனிக்கிழமை மகளிர் ஆட்டம். நுழைவாயிலை ஒட்டி வரிசை வரிசையாகச் சைக்கிள்கள். இந்த ஊரில் சைக்கிள் எல்லோருடைய வாகனம். முதல் அணியின் பயிற்சியாளரும் அப்படித்தான் வேலைக்கு வந்துகொண்டிருந்தார். அவர் பெயர் கிறிஸ்டியான் ஷ்ட்ரைஷ். அவருக்காகத்தான் நான் இந்த ஊருக்கு வந்தேன்.

ஷ்ட்ரைஷின் கதையை இந்த மைதானத்தின் படிகளில் உட்கார்ந்து நினைத்துப் பார்ப்பது தனி அனுபவம். 2011 டிசம்பர் இறுதியில் அவர் பொறுப்பேற்றபோது, 17 ஆட்டங்களில் 13 புள்ளிகளோடு அணி பட்டியலின் கடைசியில் கிடந்தது. சில வாரங்களிலேயே, முந்தைய சீசனில் 22 கோல் அடித்திருந்த பாப்பிஸ் சிஸ்ஸே நியூகாசிலுக்குப் போய்விட்டார். அனுபவம் மிகுந்த வீரர்கள் சிலரும் விடைபெற்றார்கள். எந்தக் கிளப்பாக இருந்தாலும் பதறிப்போய்ச் சந்தையில் ஆள் தேடியிருக்கும். ஷ்ட்ரைஷ் தான் வளர்த்த பையன்களைத் தேடினார். 2012 ஜனவரி 21, ஆக்ஸ்பர்குடன் ஆட்டம். இரண்டு நாள் முன்புதான் 18 வயது நிறைந்திருந்த மத்தியாஸ் கின்டரைப் பிற்பாதியில் களமிறக்கினார். 88ஆவது நிமிடத்தில் அந்தப் பையன் கோல் அடித்தான். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று வெற்றி. அந்த சீசனை அணி 12ஆம் இடத்தில் முடித்தது. அடுத்த சீசனில் ஐந்தாம் இடம், ஐரோப்பா லீக் வாய்ப்பு. 2014இல் உலகக் கோப்பை வென்ற ஜெர்மன் அணியில் கின்டரின் பெயரும் இருந்தது.

பத்து ஆண்டு நெருங்கும் வேளையில், 2021 செப்டம்பரில், ஆண்கள் முதல் அணி இந்த மைதானத்தில் கடைசி லீக் ஆட்டம் ஆடியபோதும் எதிரில் நின்றது அதே ஆக்ஸ்பர்க். அன்று 3-0 என்று ஜெயித்து விடைபெற்றார்கள்.

மகளிர் ஆட்டம் முடிந்ததும் மோஸ்லே மைதானத்துக்கு நடந்தேன். தொலைவில்லை, மரநிழல்தான் வழியெல்லாம். இது ஒரு காலத்தில் ஃப்ரைபர்கர் எஃப்சி என்ற வேறொரு கிளப்பின் வீடு. 1907இல் ஜெர்மன் சாம்பியன் ஆன பழம்பெரும் கிளப் அது. 2001 முதல் இங்கே எஸ்சி ஃப்ரைபர்கின் கால்பந்துப் பள்ளி இயங்குகிறது. வேலிக்கு வெளியே நின்றே பார்த்தேன். பளபளப்பு ஏதுமில்லை. சற்றே பழைய கட்டடம், நன்றாகப் பராமரித்த புல்தரை. பந்தை வாங்கும் முன்பே தலையைத் திருப்பிச் சுற்றுமுற்றும் பார்க்கும் பழக்கத்துக்குச் சிறுவர்களைப் பழக்கிக்கொண்டிருந்தார் ஒருவர். ஒருவன் தவறினால் ஆட்டம் நிற்கும். விளக்கம். மறுபடி தொடக்கம். யாரும் அவசரப்படவில்லை. எனக்கும் அங்கிருந்து நகர மனம் வரவில்லை.

ஷ்ட்ரைஷை ஷ்ட்ரைஷ் ஆக்கிய இடம் இந்தப் பள்ளிதான் என்பது என் எண்ணம். சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டிய ஐமெல்டிங்கன் என்ற கிராமத்தில் கறிக்கடைக்காரரின் மகனாக வளர்ந்தவர். நடுத்தரமான ஆட்டக்காரர். படிப்பை விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கி, ஆசிரியர் பணிக்காக ஜெர்மன் இலக்கியமும் வரலாறும் விளையாட்டும் படித்தார். 1995இல் இந்தக் கிளப்பின் இளையோர் பயிற்சியாளராகச் சேர்ந்து, முதல் அணிக்குப் போவதற்குள் பதினாறு ஆண்டு ஓடிவிட்டது. 2008இல் அவருடைய 19 வயதுக்குட்பட்டோர் அணி ஜெர்மன் சாம்பியன் ஆனது. 2006, 2009, 2011 என்று மூன்று முறை இளையோர் கோப்பையும் வந்தது. இங்கே தங்கிப் பயிலும் பையன்களின் பள்ளிப் படிப்பை கிளப் இரண்டாம்பட்சமாக நினைப்பதில்லை. பந்து தெரிந்தால் போதும் என்று ஒரு பையனை வளர்க்கக் கூடாது என்பதில் ஷ்ட்ரைஷ் உறுதியாக இருந்தார். அவரை நான் மதிக்கத் தொடங்கியது முதலில் இதற்காகத்தான். வெற்றிகள் பிறகு வந்து சேர்ந்தன.

ஆனால் அவரை மட்டும் தனியே தூக்கிவைத்தால் பாதிக் கதைதான் சொன்னதாகும். 2015 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். மே 16 அன்று பேயர்ன் மியூனிக்கை இதே ட்ரைசாம் கரையில் 2-1 என்று வென்றார்கள். கடைசி நிமிடங்களில் நில்ஸ் பீட்டர்சன் அடித்த கோல் அது. ஒரு வாரம் கழித்து ஹனோவரில் 2-1 என்று தோற்று, இரண்டாம் நிலைக்கு இறங்கினார்கள். அந்த ஒரு வாரம் ரசிகர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! வேறு ஊராக இருந்தால் பயிற்சியாளரின் பெட்டி அன்றிரவே வாசலுக்கு வந்திருக்கும். ஃப்ரைபர்க் அவரை வைத்துக்கொண்டது. பீட்டர்சனும் போகவில்லை. இரண்டாம் நிலையில் 21 கோல் அடித்தார். 2016இல் அணி முதலிடம் பிடித்துத் திரும்பி வந்தது.

இந்தப் பொறுமை ஒரு நாளில் வந்ததல்ல. 1972 முதல் 2009இல் இறக்கும் வரை தலைவராக இருந்த ஆகிம் ஷ்டோக்கர் ஊன்றிய பழக்கம் அது. அவர் காலத்தில் ஃபோல்கர் ஃபிங்கே 1991 முதல் 2007 வரை பதினாறு ஆண்டு பயிற்சியாளராக இருந்தார். 1997, 2002, 2005 என மூன்று முறை அணி கீழிறங்கியது. முதல் இரண்டு முறையும் அவரே மறுபடி மேலே கொண்டுவந்தார். 1991 தொடங்கி 2024 வரையிலான 33 ஆண்டுகளில் ஃபிங்கே, ரோபின் டுட், மார்குஸ் சோர்க், ஷ்ட்ரைஷ் என நான்கே பயிற்சியாளர்கள். ஒரே சீசனில் மூன்று பேரை மாற்றும் கிளப்புகள் உள்ள காலத்தில் இதைப் பார்க்கிறேன். ஷ்ட்ரைஷ் போன்ற ஒருவர் வேறு எந்த ஊரிலும் முளைத்திருக்க மாட்டார் என்று நான் நம்புவதற்குக் காரணம் இந்தக் கணக்கு.

மாலையில் பழைய நகருக்குள் ஒரு சுற்று. தெருவோரங்களில் ஓடும் சிறு வாய்க்கால்கள், பேராலயச் சதுக்கத்தில் வெங்காயம் வதக்கி வைத்த நீளச் சிவப்புத் தொத்திறைச்சி. எல்லாம் நன்றாகவே இருந்தன. ஆனால் மனம் அடுத்த நாள் ஆட்டத்தில் இருந்தது.

புதிய அரங்கு நகரின் மேற்கே, சிறு விமானத் தளத்தை ஒட்டி நிற்கிறது. அதைக் கட்டலாமா என்று 2015 பிப்ரவரியில் ஊர் மக்களிடமே வாக்கெடுப்பு நடந்தது. 58 சதவீதம் பேர் ஆமென்றார்கள். 2021 அக்டோபரில் திறந்தார்கள். 34,700 பேர் கொள்ளும். கூரையெல்லாம் சூரிய மின் தகடுகள். அரங்கு நிற்கும் தெருவுக்கு ஆகிம் ஷ்டோக்கரின் பெயர்.

ஆட்டம் தொடங்க வெகுநேரம் இருக்கும்போதே தெற்குப் பக்க நின்று பார்க்கும் திட்டில் இடம் பிடித்துவிட்டேன். பக்கத்தில் ஒரு பெரியவர், கழுத்தில் வெளுத்துப்போன சிவப்புத் துண்டு. நான் ஷ்ட்ரைஷுக்காக வந்தவன் என்றதும், எந்தக் கோப்பையும் அவர் பேச்சில் வரவில்லை. 2022 மே 21 பெர்லின் இறுதிப் போட்டியைத்தான் சொன்னார். ஜெர்மன் கோப்பையின் இறுதி வரை கிளப் போனது அதுதான் முதல் முறை. ஃப்ரைபர்கின் எகெஷ்டைன் கோல் அடித்தார். எதிரணியான லைப்ஜிக் பத்துப் பேராகச் சுருங்கியது. இருந்தும் 76ஆவது நிமிடத்தில் சமன். பிறகு பெனால்டியில் 4-2 என்று தோல்வி. அணித்தலைவர் கிறிஸ்டியான் குயுன்டர் அடித்த பந்து கம்பத்துக்கு மேலே போனது.

“குயுன்டர் எங்கள் மலைக் கிராமத்துப் பையன், அதே பள்ளியில் வளர்ந்தவன். அன்று எங்களில் ஒருவர்கூட அவனைத் திட்டவில்லை. ஷ்ட்ரைஷ் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது அதைத்தான்” என்றார் அந்தப் பெரியவர்.

ஷ்ட்ரைஷ் சாந்தமான மனிதர் என்று இதை வைத்து நினைத்துவிட வேண்டாம். கோட்டோரம் கத்துவார், கைகளை வீசுவார், நடுவரிடம் பாய்வார். 2019 நவம்பரில் ஃப்ராங்ஃபர்ட் அணித்தலைவர் டாவிட் ஆப்ரஹாம் ஓடிவந்த வேகத்தில் அவரை இடித்துத் தரையில் தள்ளினார். ஆட்டம் முடிந்த கையோடு இருவரும் சமாதானம் ஆனார்கள். செய்தியாளர் சந்திப்புகளில் அகதிகள் பற்றியும், வலதுசாரித் தீவிரம் பற்றியும், கால்பந்தில் புரளும் பணம் பற்றியும் தன் ஊர்ப் பேச்சுவழக்கிலேயே மனந்திறந்து பேசுவார். ரசிகர் கோபிப்பாரா, விளம்பரதாரர் முகம் சுளிப்பாரா என்று அவர் கணக்குப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. 2024 மார்ச் 18 அன்று, சீசன் முடிவில் விலகுவதாக அவரே அறிவித்தார். யாரும் அவரைத் தள்ளவில்லை.

பாடன் பகுதியின் பாட்டு எழுந்தது. அரங்கு முழுக்க எழுந்து நின்றது. துண்டுகள் தலைக்குமேல் விரிந்தன. எனக்கு வரிகள் தெரியாது, மெட்டை மட்டும் சேர்ந்து முனகினேன். புதிய பயிற்சியாளர் ஜூலியான் ஷூஸ்டர் கோட்டோரம் வந்து நின்றார். ஷ்ட்ரைஷுக்குக் கீழே பல ஆண்டு அணித்தலைவராக ஆடியவர், பிறகு இளையோர் அணிகளுக்கும் முதல் அணிக்கும் பாலமாக வேலை பார்த்தவர். அவருடைய முதல் சீசனிலேயே அணி ஐந்தாம் இடம் பிடித்தது. அதில் ஷ்ட்ரைஷ் விட்டுச்சென்றது எவ்வளவு, ஷூஸ்டர் சேர்த்தது எவ்வளவு என்று பெரியவரிடம் கேட்டேன். “இங்கே யாரும் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை” என்று சொல்லிவிட்டுக் களத்தைக் காட்டினார். நடுவர் ஊதலை வாயில் வைத்திருந்தார்.