டௌபோ ஏரி: தூண்டிலில் ட்ரவுட்... நெஞ்சில் யூரியா!

‘எங்கள் ஊர் ஏரி மூன்று வருஷமாகப் பச்சைப் பசேலென்று மாறிக் கிடக்கிறது. வெயில் காலத்தில் மீன் செத்து மிதக்கிறது. சாக்கடையும் இல்லை, தொழிற்சாலையும் இல்லை. என்ன காரணம்?’ என்று இந்த இதழின் கேள்வி-பதில் பகுதிக்கு வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பதில் எழுதச் சொல்லி ஆசிரியர் குழு அந்தக் கடிதத்தை எனக்கு அனுப்பியபோது, நான் விடுப்பில் இருந்தேன். நியூசிலாந்து நாட்டில், ஓர் ஏரியின் நடுவில், படகில் உட்கார்ந்து மீன் பிடித்துக்கொண்டிருந்தேன். வழக்கமாக இப்படிப்பட்ட கேள்விக்கு நாலு வரியில் பதில் எழுதிவிடுவேன். இந்த முறை அப்படி முடியவில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

என் தங்கை மகன் நியூசிலாந்தின் ஹாமில்டன் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பால் பண்ணையில் வேலை பார்க்கிறான். “மாமா, ரிட்டயர் ஆகுறதுக்குள்ள ஒருமுறை வந்துட்டுப் போங்க” என்று நாலு வருஷமாக அழைத்துக்கொண்டிருந்தான். இந்தத் தை மாதம்தான் நேரம் வாய்த்தது. நமக்குப் பனி, அவர்களுக்குக் கோடை.

எரிமலை வாயில் ஓர் ஏரி

ஹாமில்டனிலிருந்து தெற்கே காரில் சுமார் இரண்டு மணி நேரம் போனால் டௌபோ ஏரி வருகிறது. 616 சதுர கிலோமீட்டர் பரப்பு. நம் வீராணம் ஏரி போல் பத்து ஏரிகளைச் சேர்த்து வைத்தாலும் ஈடாகாது. ஆழமான இடத்தில் 186 மீட்டர். சுமார் 25,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய எரிமலை வெடித்து, நிலம் உள்வாங்கிய பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் இது. 1,800 ஆண்டுகளுக்கு முன்பும் ஒருமுறை வெடித்திருக்கிறது. வடக்குக் கரையில் நின்றால் ருவாபேஹு, டோங்காரிரோ மலைகள் தெரிகின்றன. கரையில் கிடக்கும் கல்லை எடுத்துத் தண்ணீரில் போட்டேன், மிதக்கிறது! பியூமிஸ் என்னும் எரிமலை நுரைக்கல்.

அந்த நுரைக்கல்தான் அந்த வட்டார மண்ணும்கூட. கையில் அள்ளினால் எடையே இல்லை. தண்ணீர் ஊற்றினால் நிற்காமல் இறங்குகிறது. ஒரு காலத்தில் இந்த மண்ணில் மேய்ந்த ஆடும் மாடும், வயிறு நிறையப் புல் தின்றும் மெலிந்து செத்திருக்கின்றன. மண்ணில் கோபால்ட் என்னும் நுண்ணூட்டம் இல்லாததுதான் காரணம் என்று 1930-களில் கண்டுபிடித்தார்கள். கோபால்ட் இல்லையென்றால், மாட்டின் இரைப்பையில் உள்ள நுண்ணுயிரிகளால் பி12 வைட்டமினை உருவாக்க முடியாது. சூப்பர் பாஸ்பேட்டுடன் கோபால்ட்டைக் கலந்து தூவிய பிறகு, அந்தப் பகுதி மேய்ச்சல் பூமியாக மாறியது. ஒரு சிட்டிகை சத்து ஒரு வட்டாரத்தையே விவசாய பூமியாக்கிவிட்டது. இதைக் கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தக் கதையின் மறுபாதியைப் படகில்தான் கேட்டேன்.

ஆழத்துக்குத் தூண்டிலை இறக்கும் கருவி

மருமகன் ஒரு படகோட்டியை ஏற்பாடு செய்திருந்தான். எழுபது வயதுக்காரர். அதே ஏரிக்கரையில் ஆடு மாடு வளர்த்த விவசாயி. இப்போது விருந்தினர்களை மீன் பிடிக்க அழைத்துப் போகிறார். எனக்கு ஒரு நாள் உரிமம் வாங்கினான். டௌபோவில் உரிமம் இல்லாமல் தூண்டில் போட முடியாது. ஏரியின் தரை, துவாரெதோவா என்னும் மாவோரி மக்களுக்குச் சொந்தம். உரிமக் கட்டணத்தில் ஒரு பங்கு அவர்களுக்குப் போகிறது.

அங்கே பிடிப்பது ட்ரவுட் மீன். நம் நீலகிரிக்கும் அது புதியதல்ல. அவலாஞ்சியில் 1907-லேயே குஞ்சு பொரிப்பகம் அமைத்தார்கள். குளிர்ந்த, பிராணவாயு நிறைந்த தண்ணீர்தான் அதற்கு வேண்டும். தண்ணீரின் சூடு 20 டிகிரியைத் தொட்டால் திணறும். கோடையில் ஏரியின் மேல்தண்ணீர் வெயிலில் காய்ந்து, கீழே உள்ள குளிர்ந்த தண்ணீரோடு கலக்காமல் தனி அடுக்காக மிதக்கிறது. அதனால் மீன் கீழே இறங்கிவிடுகிறது. சாதாரணத் தூண்டிலைப் படகுக்குப் பின்னால் இழுத்துப் போனால், அது மேலேயே மிதந்து வரும். மீன் இருக்கும் ஆழத்துக்குப் போகாது.

இதற்குத்தான் டவுன்ரிக்கர் என்ற கருவி. படகின் ஓரத்தில் ஒரு சின்ன ராட்டினம். அதில் சுற்றிய எஃகுக் கம்பியின் நுனியில் நாலைந்து கிலோ எடையுள்ள ஈயக் குண்டு. குண்டுக்கு மேல் ஒரு கவ்வி. முதலில் தூண்டில் நரம்பைப் பத்துப் பதினைந்து மீட்டர் பின்னால் விட்டு, பிறகு நரம்பை அந்தக் கவ்வியில் மாட்டுகிறார்கள். ராட்டினத்தைத் திருப்பினால், குண்டு நரம்பையும் இழுத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. எத்தனை மீட்டர் போயிருக்கிறது என்று ராட்டினத்தில் உள்ள எண் காட்டும். எக்கோ சவுண்டர் திரையில் மீன் 25 மீட்டரில் தெரிந்தால், குண்டை அதற்குச் சற்று மேலே நிறுத்துகிறார்கள். ட்ரவுட் மேல்நோக்கிப் பார்த்துத்தான் இரை தேடும். பிறகு மனிதர் நடக்கும் வேகத்தில் படகு போகிறது. நரம்பு இறுக்கமாக இருப்பதால், தூண்டில்கோல் வில்லாக வளைந்து நிற்கிறது.

மீன் கடித்தால் கோல் இன்னும் வளையும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கோல் படக்கென்று நிமிர்ந்தது. நரம்பு அறுந்துவிட்டது என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். “எடுங்க, எடுங்க!” என்று படகோட்டி கத்தினார். மீன் இழுத்ததும் நரம்பு கவ்வியிலிருந்து விடுபடும். அந்த நொடி கோல் நிமிரும். உடனே நரம்பைச் சுற்றித் தளர்வை எடுக்க வேண்டும். நான் கோலைத் தொடுவதற்குள் மீன் போய்விட்டது. “முப்பது வருஷம் பயிருக்கு மருத்துவம் பார்த்தவருக்கு, நோய் தெரியலையே மாமா” என்று மருமகன் சிரித்தான்.

இரண்டாவது மீனைச் சரியாக எடுத்தேன். அளவுகோலில் வைத்துப் பார்த்தால் நீளம் போதவில்லை. கையை நனைத்துக்கொண்டு, கொக்கியைக் கழற்றி, தண்ணீரில் விட்டுவிட்டார் படகோட்டி. மூன்றாவது, ஒன்றரைக் கிலோ இருக்கும். அதை வைத்துக்கொண்டோம். வயிற்றைக் கீறியபோது, உள்ளே விரல் நீளத்தில் ஸ்மெல்ட் என்னும் சின்ன மீன்கள். ட்ரவுட் இந்த ஏரியின் சொந்த மீன் அல்ல. 1880-களிலிருந்து வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டது. அது, மாவோரி மக்கள் பிடித்துத் தின்ற கோவாரோ என்ற உள்ளூர் மீனைப் பெருமளவு தின்று தீர்த்தது. பிறகு இரை இல்லாமல் தானும் மெலிந்தது. அதற்காக ஸ்மெல்ட்டைக் கொண்டுவந்து விட்டார்கள். குளத்தில் புது மீனை விடுமுன் யோசிக்க வேண்டிய பாடம் இது.

இன்னொரு செய்தி: நியூசிலாந்தில் ட்ரவுட் மீனை விற்கக் கூடாது, வாங்கவும் கூடாது. உணவகத்திலும் கிடைக்காது. பிடித்தவன் சாப்பிடலாம், பிறருக்குச் சும்மா கொடுக்கலாம்.

மாட்டு மூத்திரத்துக்கு ஒரு கணக்கு

குண்டை மறுபடி இறக்கிவிட்டு, படகோட்டி என் தொழிலைக் கேட்டார். விவசாய அதிகாரி என்றேன். “அப்ப நைட்ரஜன் பத்தி உங்ககிட்ட பேசலாம்” என்றார். மருமகன் மொழிபெயர்த்தான்.

புல்லோடு குளோவர் என்னும் பயறுவகைச் செடி வளர்த்து, உரமும் போட்டு, மாடு நிறைய விட்டார்கள். மாடு மூத்திரம் பெய்யும் இடத்தில், புல்லால் எடுத்துக்கொள்ள முடியாத அளவுக்குத் தழைச்சத்து கொட்டுகிறது. அது நைட்ரேட்டாக மாறி, நுரைக்கல் மண்ணில் நிற்காமல் இறங்கி, நிலத்தடி நீர் வழியாக ஏரிக்கு வருகிறது. பாசிக்குத் தட்டுப்பாடாக இருந்ததே அந்தத் தழைச்சத்துதான். அது கிடைத்ததும் பாசி பெருகி, கண்ணாடி போன்ற தண்ணீர் மங்கத் தொடங்கியது.

அரசாங்கம் ஒவ்வொரு பண்ணைக்கும் தழைச்சத்துக் கசிவுக்கு உச்சவரம்பு வைத்தது. 2001 முதல் 2005 வரை அந்தப் பண்ணையில் எவ்வளவு மாடு, எவ்வளவு உரம் என்று பார்த்து அந்த அளவை முடிவு செய்தார்கள். அதற்கு மேல் போகக் கூடாது. வேண்டுமானால் அடுத்தவரிடம் விலைக்கு வாங்கலாம். மத்திய அரசும் உள்ளாட்சிகளும் சேர்ந்து போட்ட சுமார் 8 கோடி டாலர் நிதியில், ஓர் அறக்கட்டளை விவசாயிகளிடமிருந்து அந்த உரிமையை வாங்கி நிரந்தரமாக ரத்து செய்தது. ஏரிக்குப் போகும் தழைச்சத்தில், மனிதரால் கட்டுப்படுத்தக்கூடிய பங்கில் 20 சதவிகிதத்தைக் குறைப்பது நோக்கம்.

“எனக்கு அதில் வருத்தம் உண்டு” என்றார் அவர். “நான் அளவாக மாடு வைத்திருந்தேன். அதனால் எனக்குக் கிடைத்த அளவும் குறைவு. நிறைய மாடு விட்டு ஏரியைக் கெடுத்தவருக்கு நிறைய அளவு. காட்டை அழிக்காமல் வைத்திருந்த மாவோரி நிலங்களுக்கு ரொம்பக் குறைவு. ஒழுங்காக இருந்தவனுக்குத் தண்டனை மாதிரி.” கடைசியில் ஒரு பகுதி உரிமையை விற்றுவிட்டு, அந்த நிலத்தில் பைன் மரம் நட்டுவிட்டாராம்.

“தண்ணீர் சரியாகிவிட்டதா?” என்றேன்.

அவர் ராட்டினக் கம்பியைக் காட்டினார். “நாம் குண்டை விட்டால், ஒரு நிமிஷத்தில் அடிக்குப் போகிறது. நைட்ரேட் மண்ணுக்குள் போய் ஏரிக்கு வர, இடத்தைப் பொறுத்துப் பல பத்து வருஷம் ஆகும். இன்றைக்கு வந்துகொண்டிருப்பது என் அப்பா காலத்து மாட்டு மூத்திரம். நான் குறைத்ததன் பலன் என் பேரனுக்குத்தான்.” 2001-ல் இருந்த தெளிவை 2080-க்குள் நிலைநிறுத்துவதுதான் இலக்கு. அதைப் பார்க்க, அந்தத் திட்டத்தைப் போட்டவர்கள் பலர் இருக்க மாட்டார்கள்.

அப்போது என் வாசகரின் கடிதம் நினைவுக்கு வந்தது. முப்பது வருஷத்துக்கும் மேலாக, பயிர் வெளுத்திருக்கிறது என்று வந்தவர்களுக்கு ‘ஒரு மூட்டை யூரியா போடுங்க’ என்று சொன்ன வாய் என்னுடையது. இலை வண்ண அட்டை கட்டுக் கட்டாக வந்து, என் மேசை இழுப்பறையில் கிடந்ததும் உண்மை. ஏரிக்கு வந்த கணக்கில் என் கையெழுத்தும் இருக்கிறது.

அன்று இரவு மருமகன் வீட்டில் ட்ரவுட்டை மிளகாய்த்தூள் தடவி வறுத்தார்கள். ஆரஞ்சு நிறச் சதை. ருசியாகத்தான் இருந்தது. எனக்குத்தான் அதிகம் இறங்கவில்லை.

வாசகருக்குப் பதில்

ஐயா, உங்கள் ஏரிக்குச் சாக்கடை வரவில்லை என்றால், நம் வயல் வடிகால் வருகிறதா என்று பாருங்கள். எருக்குழி, மாட்டுக் கொட்டகைக் கழிவு வருகிறதா என்றும் பாருங்கள். தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்ந்தால் பாசி பெருகும். பாசி இரவில் பிராணவாயுவை இழுக்க, விடியற்காலையில் மீன் திணறிச் சாகும்.

நெல்லுக்கு நாள் கணக்கில் யூரியா போடாதீர்கள். நட்ட 14-ம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, காலை 8 முதல் 10 மணிக்குள், 10 செடிகளில் நன்கு விரிந்த இளம் இலையை இலை வண்ண அட்டையோடு, உங்கள் நிழல் அதன்மேல் விழும்படி நின்று ஒப்பிடுங்கள். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற நடவு ரகங்களுக்கு 4. பத்தில் ஆறோ அதற்கு மேலோ அதைவிட வெளுத்திருந்தால் மட்டும், ஏக்கருக்குச் சுமார் 25 கிலோ யூரியா போதும். தேங்கிய தண்ணீரில் போடாமல், வடித்துச் சேற்றுப் பதத்தில் இடுங்கள். மறுநாள் தண்ணீர் கட்டலாம். மழை வரும் என்றால் தள்ளிப் போடுங்கள். யூரியா இட்ட வயலின் தண்ணீரை நாலைந்து நாளுக்கு வடிகாலில் விடாதீர்கள்.

இதைச் செய்தால் அடுத்த வருஷமே ஏரி தெளிந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். அடியில் சேர்ந்திருக்கும் பழைய பாக்கி தீர வேண்டும். ஆனால் யூரியா செலவு இந்தப் போகத்திலேயே குறையும்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக இழுப்பறையைத் திறந்து அட்டைகளை எடுத்தேன். இப்போது என் வண்டியில் இருக்கின்றன. வயலுக்குப் போனால், விவசாயி கையில் கொடுத்து, பக்கத்தில் நின்று பத்து இலை பார்க்க வைத்துவிட்டுத்தான் திரும்புகிறேன். எனக்கு இன்னும் நாலு வருஷ சர்வீஸ் பாக்கி இருக்கிறது. அட்டை கிடைக்காதவர்கள் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள். அங்கேயும் ஓர் இழுப்பறையில் இருக்கக்கூடும்.