ஸ்டீராய்டும் ஒரு வாட்ஸ்அப் குரூப்பும்

சாயங்காலம் போடிமெட்டுல இருந்து இறங்குன ஜீப்புல வந்த அக்கா, நேரா நம்ம கண்ணாடிக் கடைக்கு.

“ஏலச்செடி இலை கண்ணுல அடிச்சிருச்சு தம்பி. மெடிக்கல்ல சொட்டு மருந்து வாங்கி ஊத்துனேன், இன்னும் செவக்குது.”

பாட்டிலைப் பாத்தா ஸ்டீராய்டு. ஸ்லிட் லேம்ப்ல பாத்தா கருவிழியில வெள்ளையா ஒரு புள்ளி.

செடி பட்ட காயத்துல பூஞ்சை இருந்தா ஸ்டீராய்டு அதுக்குத் தீனி.

மருந்தை நிறுத்தச் சொல்லி, லெட்டர் எழுதி, உடனே தேனி கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாச்சு.

இது சுலபமான கேஸ். புள்ளி இல்லாம வெறும் செவப்பா இருந்திருந்தா? இன்னைக்கே அனுப்பணுமா, நாளைக்கா? யாரைக் கேப்பேன்?

அரவிந்த் கண் ஆஸ்பத்திரியோட பார்வை மையங்கள்ல 2004லேர்ந்தே ஆஸ்பத்திரி டாக்டர் கம்ப்யூட்டர் திரையில வந்து பாக்குறாரு. இங்கிலாந்துல ஆப்டோமெட்ரிஸ்ட் காலேஜ்ங்குற தொழில் அமைப்புல உறுப்பினரா இருந்தா, சந்தேகம் கேக்கவே ஆலோசகர் இருக்காங்க.

எனக்கு இருக்குறது கூடப் படிச்சவங்க வாட்ஸ்அப் குரூப். கேள்வி போட்டா முதல்ல வர்றது ‘குட் மார்னிங்’ ரோஜாப்பூ. (நேத்து போட்டது நான்தான்.)

2021ல வந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்துல நம்ம தொழிலுக்குப் பேர் வந்தாச்சு. சந்தேகம் கேக்க ஒரு போன் நம்பர் எப்ப வரும்?

தனியா கடை வச்சிருக்குற ஆப்டோமெட்ரிஸ்ட் மக்களே, நீங்க யாரைக் கேக்குறீங்க?